பேருக்கு ஆள் தேடிய சம்மாட்டி

மன்னார்க் கரையில் இருக்கிற தாழ்வுபாட்டில் செபமாலையின் முகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம்; அவருடைய தொண்டையைத் தெரியாதவர்கள் இல்லை. கரைவலைக்குச் சொந்தக்காரராக, சம்மாட்டியாக இருந்த காலத்தில், கடற்கரையில் நின்றபடியே கடலுக்குள் நிற்கிற வள்ளத்துக்குக் கட்டளை போட்ட மனிதர் அவர். கைப்பேசி என்ற சாமான் ஊருக்கு வந்தபோது, "இது என்னத்துக்கு? உங்களுக்கெல்லாம் வாய் இல்லையோ?" என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டார். இப்போது வலையை மூத்த மகன் வலன்ரைன் பார்க்கிறான். வலையை இழுக்க உழவு இயந்திரம் வந்துவிட்டது. முழங்கால் தேய்ந்த செபமாலை விறாந்தையில் கதிரை போட்டு இருக்கிறார். தொண்டை மட்டும் தேயவில்லை. கடற்கரையில் வேலை போன தொண்டை, வீட்டிலும் அயலிலும் புது வேலை தேடிக்கொண்டது.

ஏசுவதற்கு அவருக்குக் காரணம் தேவைப்படுவதில்லை. முதலில் ஏசத் தொடங்கிவிடுவார், காரணம் ஆறுதலாக வந்து சேரும். சொதியில் உப்புக் கூடினால் ஏசுவார். அளவாக இருந்தால், இவ்வளவு நாளும் ஏன் இப்படி வைக்கவில்லை என்று ஏசுவார். மழைக்கும் ஏசுவார், கருவாடு காயப் போட்டிருக்கிற நாளில் மேகத்துக்கும் ஏசுவார். வலன்ரைனின் மனைவி கலியாணம் முடித்து வந்த முதல் கிழமையிலேயே, "மாமா, நீங்கள் எனக்கு ஏசுறியளோ, இல்லாட்டிப் பொதுவா ஏசுறியளோ?" என்று கேட்டாள். பொதுவாகத்தான் என்றார். அவளும் சரியென்று தேங்காய் துருவப் போய்விட்டாள். கெட்டிக்காரி.

இப்படிப்பட்ட மனுசனுக்கு வாழ்க்கையில் ஒரேயொரு ஆசை மிச்சம் இருந்தது. தன்னுடைய பேரை ஒரு பேரப்பிள்ளைக்கு வைத்துவிட வேண்டும். வைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சாக வேண்டும்.

பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்தில், தன்னைப் பெற்றவரின் பேரைத் தான் பெற்ற பிள்ளைக்கு வைப்பது வழக்கம்தான். செபமாலை என்பது அவருடைய அப்பப்பாவின் பேர். அந்தச் செபமாலைக்கு அப்பப்பாவும் ஒரு செபமாலையாம். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறையாக வந்த பேர் தன்னோடு நின்றுபோனால், மேலே போய் அந்தக் கிழவர்களுக்கு என்ன பதில் சொல்வது? மோட்சத்தின் வாசலில் வைத்தே ஏசத் தொடங்கிவிடுவார்கள். இந்தத் தொண்டையைக் கொடுத்தவர்களே அவர்கள்தான்.

சிக்கல், வழக்கத்தின் மறுபாதியில் இருந்தது. பேரை வைத்தால் பேர்க்காரரின் குணமும் பிள்ளைக்கு வந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். செபமாலையும் நம்பினார். தன்னுடைய விஷயத்தில் அது பிள்ளைக்கு நல்லதுதான் என்று நினைத்தார். அப்படி நினைத்தவர் ஊரில் அவர் ஒருவர்தான்.

வலன்ரைனுக்கு முதல் பொடியன் பிறந்தபோது, ஞானஸ்நானத்துக்கு வெள்ளைச் சேட்டும் வேட்டியுமாகப் போய்க் கோவிலின் முன்வாங்கிலில் இருந்தார் செபமாலை. பிள்ளைக்கு என்ன பேர் என்று சுவாமி கேட்டார். பிள்ளையை ஏந்தி நின்று பேர் சொல்ல வேண்டிய ஞானத்தாய் வாயைத் திறந்து, "டிலக்சன்" என்றாள். அதே நேரம் முன்வாங்கிலில் இருந்து "செபமாலை!" என்று ஒரு முழக்கம் வந்தது. பிள்ளை வீரிட்டது. கூரைக்குள் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. கையில் தண்ணீரோடு நின்ற சுவாமி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ஐயா, நீங்களோ ஞானத்தாய்?" என்று கேட்டார். கோவில் முழுக்கச் சிரித்தது. பிள்ளை டிலக்சனாகவே வீட்டுக்கு வந்தது.

விருந்துக்கு வரமாட்டேன் என்று செபமாலை அறைக்குள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆட்டிறைச்சிக் கறி அறைக்குள் வந்தபோது மட்டும் இந்தப் பக்கம் திரும்பினார். குசினிக்குள் மருமகள் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தது சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது. "ஒரு வீட்டுக்கு ஒரு செபமாலை காணும்" என்றாள்.

இரண்டாவது மகன் நிறோஜன் பிரான்சில் இருக்கிறான். அங்கே பிறந்த பொடியனுக்கு 'இவான்' என்று வைத்துவிட்டுத்தான் கைப்பேசியில் படம் காட்டினான். கூப்பிடத் தொடங்கமுன் முடிந்துவிடுகிற பேர் ஒரு பேரா என்று செபமாலை கேட்டார். கேட்ட சத்தத்துக்குக் கைப்பேசியே தேவையில்லை, சும்மாவே பிரான்சுக்குக் கேட்டிருக்கும் என்று பிறகு அயலில் பேசிக்கொண்டார்கள்.

கடைசி மகள் அஞ்சலா. அவளை ஓலைத்தொடுவாயில் மரியசீலனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. அவர்களுடைய முதல் பொடியனுக்கு வழக்கப்படி மரியசீலனின் தகப்பன் பேர், அமிர்தநாயகம். இதுதான் செபமாலைக்குத் தாங்க முடியாமல் போனது. சம்பந்தி அமிர்தநாயகம் சத்தமே இல்லாத மனுசன். இருமல் வந்தால்கூட வெளியே போய் இருமிவிட்டு வருவார். ஒரு சொல் கேட்காமல், ஒரு சண்டை பிடிக்காமல், அவருக்குப் பேருக்கு ஆள் கிடைத்துவிட்டது. இவர் தொண்டை கிழியக் கத்தியும் கிடைக்கவில்லை. கத்தியதால்தான் கிடைக்கவில்லை என்பதைச் செபமாலைக்கு எடுத்துச் சொல்ல ஊரில் ஆளில்லை. சொல்லப் போனவர் ஏச்சு வாங்காமல் திரும்பி வரமாட்டாரே.

பயப்படாமல் கதைக்கிற ஒரே ஆள் நஸார்தான். மீன் எடுத்து மன்னாருக்கு ஏற்றுகிற வியாபாரி. செபமாலை சம்மாட்டியாக இருந்த நாளிலிருந்து கூட்டாளி. காலையில் தேத்தண்ணிக் கடையில் இருவரும் ஒன்றாக இருப்பார்கள்.

"என்ட வாப்பாட பேர் சாஹுல் ஹமீட். மூத்தவனும் அதத்தான் வச்சான், இளையவனும் அதத்தான் வச்சான். இப்ப ஒருத்தனக் கூப்பிட்டா ரெண்டு பேரும் ஓடி வாறானுகள். ஒண்ட நீ எடுக்கிறியா?" என்றார் நஸார் ஒருநாள்.

அன்றைக்கு விழுந்த ஏச்சில் கடைக்காரர் தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்துவிட்டார். நஸார் சீனி இல்லாமலே குடித்து முடித்தார். நல்ல சந்தோசமாகத்தான் குடித்தார்.

செபமாலையின் மனைவி அருள்நாயகியைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தப் பேரை வாயில் எடுக்காத ஒரே ஆள் அவள்தான். புருசனின் பேரைச் சொல்லக்கூடாது என்று தாய் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டவள். "இஞ்சேருங்கோ" என்று கூப்பிடுவாள். மற்றவர்களுக்குச் சொல்லும்போது "வலன்ரைன்ர அப்பா." அரசாங்கக் கந்தோரில் புருசன் பேர் என்ன என்று கேட்டால் பக்கத்தில் நிற்கிற யாரையாவது பார்ப்பாள், அவர்கள் சொல்வார்கள். கலியாணத்தன்று பீடத்துக்கு முன்னால் ஒருதரம் சொல்லியிருக்கத்தான் வேண்டும். அன்றைக்கு அவள் முணுமுணுத்தது பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைக்கே கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது.

இதில் கொடுமை என்னவென்றால், அவள் நல்ல பக்திக்காரி. ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்கிறவள். கையில் உருட்டுகிற அந்த மாலைக்கும் புருசனுக்கும் பேர் ஒன்றாகப் போய்விட்டதால், அதையும் பேர் சொல்லாமல் 'மாதாவின்ர மணி' ஆக்கிவிட்டாள். "அருள்நாயகியக்கா, கையில இருக்கிறது என்ன?" என்று கோவிலடியில் பொம்பிளைகள் வேண்டுமென்றே கேட்பார்கள். "மணி" என்பாள். அவர்களுக்கு அன்றைய பொழுது போய்விடும்.

தன் பேர் அருள்நாயகியின் வாயில் எப்படிக் கேட்கும் என்பது செபமாலைக்குத் தெரியாது. அதை ஒரு குறையாக அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் ஊர்ப் பெடியள் "செபமாலையர் வாறார்" என்று குசுகுசுக்கும்போதும், கந்தோரில் யாரோ அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போதும், வீட்டில் மட்டும் தான் 'இஞ்சேருங்கோ' என்பது ஒரு கணம் நினைவில் வந்து போகும். பிறகு யாருக்காவது ஏசுவார், அது மறந்துவிடும்.

அஞ்சலா இரண்டாம் முறை பிள்ளை வயிற்றோடு தாய்வீட்டுக்கு வந்தாள். இதுதான் கடைசிச் சந்தர்ப்பம் என்று செபமாலைக்குத் தெரியும். நிறோஜனின் மனைவி ஒன்றோடு போதும் என்றுவிட்டாள். வலன்ரைனின் மனைவியிடம் கேட்க இவருக்கே துணிவில்லை. ஒருநாள் பின்னேரம், அருள்நாயகி கோவிலுக்குப் போன நேரம் பார்த்து, மகளுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார்.

"பிள்ளை, இது பொடியன் எண்டா என்ர பேர்."

"எனக்கும் ஆசைதான் அப்பா" என்றாள் அஞ்சலா. கொஞ்ச நேரம் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். "ஆனா பயமாக் கிடக்கு. குணமும் சேர்ந்து வந்திட்டா நான் என்ன செய்யிறது? ஒரு செபமாலையோட அம்மா படுற பாடு காணாதோ?"

"நான் என்ன, ஆரையும் கடிச்சனானோ?"

"பாத்தீங்களோ, இதுதான். ஒண்டு செய்யுங்கோ. பிள்ளை பிறக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் ஏசாமல் இருந்து காட்டுங்கோ. இருந்திட்டியள் எண்டா, ஆர் என்ன சொன்னாலும் உங்கட பேர்தான்."

"சரி!" என்றார் செபமாலை. அதையே ஏசுவது போலத்தான் சொன்னார். பிறகு சத்தத்தைக் குறைத்து, "கொம்மாவுக்குச் சொல்லாதை" என்றார். ஒரு பேருக்காக வாயைக் கட்டிவிட்டார் என்று ஊர் சிரிப்பதை அவரால் தாங்க முடியாது.

அதன் பிறகு வந்த மாதங்களைத் தாழ்வுபாடு இலேசில் மறக்காது. செபமாலையின் ஏச்சைத் தாங்கப் பழகியிருந்த சனங்களுக்கு அவருடைய அன்பைத் தாங்கப் பழக்கம் இல்லை. மீன் ஏலத்தில் நஸார் வழக்கம்போல அடிமட்ட விலை கேட்டார். எல்லோரும் காதைப் பொத்தத் தயாரானார்கள். "நீ கேட்டா நியாயமாத்தான் இருக்கும் நஸார்" என்றார் செபமாலை. நஸாருக்கு முதுகில் வேர்த்துவிட்டது. தானாகவே விலையை ஏற்றினார். அப்போதும் செபமாலை சிரித்துக்கொண்டு நின்றதால் இன்னொருமுறை ஏற்றினார்.

பக்கத்து வீட்டு ஆடு வேலியால் புகுந்து முருங்கைக் கன்றைத் தின்றது. ஆட்டுக்காரி சண்டைக்குத் தயாராகக் கொண்டையை முடிந்துகொண்டு வந்தாள். "வாயில்லாச் சீவன், தின்னட்டும் பிள்ளை" என்றார் செபமாலை. அவள் ஆட்டை இழுத்துக்கொண்டு போய்க் கட்டையில் கட்டினாள். அன்றிலிருந்து அந்த ஆடு அவிழ்த்துவிடப்படவே இல்லை. செபமாலை எதற்கோ பொறுமை காக்கிறார், என்றோ ஒருநாள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்கப்போகிறார் என்று ஊர் முழுக்கப் பயம் பிடித்துவிட்டது.

வீட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். அருள்நாயகி ஒருநாள் மீன் பொரியலை அடுப்பில் மறந்துபோய்க் கரியாக்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் அதையே கோப்பையில் வைத்துவிட்டுக் கதவருகில் நின்றாள். செபமாலை ஒரு துண்டைக் கடித்தார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணை மூடித் திறந்து, "நல்லாயிருக்கு" என்றார்.

அருள்நாயகியின் கையில் இருந்த அகப்பை கீழே விழுந்தது. "இஞ்சேருங்கோ, நெஞ்சுக்குள்ள ஏதும் செய்யுதோ?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார். அவளுக்கு அது காணாது. ஒரு மனுசன் இவ்வளவு நாள் செய்த தொழிலை ஒரே நாளில் விட்டால் அது சாவுக்கு முந்திய அடையாளம் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். வலன்ரைனைக் கூப்பிட்டாள். வலன்ரைன் நிறோஜனைக் கைப்பேசியில் எடுத்தான். நிறோஜன் பிரான்சில் இருந்து, "அப்பா, ஒருக்கா ஏசுங்கோ அப்பா, ஒரேயொருக்கா" என்று தேம்பினான். செபமாலை பல்லைக் கடித்துக்கொண்டு, "சுகமா இரு மகன்" என்றார். அந்தப் பக்கம் அழுகை இன்னும் கூடியது.

அடுத்த நாள் காலையில் அவஸ்தைப்பூசுதலுக்கு எண்ணெயும் கையுமாகச் சுவாமி வந்து நின்றார். சாகப்போகிறவருக்குச் செய்கிற கடைசிச் சடங்கு அது. செபமாலையோ கதிரையில் இருந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். சுவாமிக்கும் சங்கடம்தான். ஆனால் அருள்நாயகி மெழுகுதிரி கொளுத்தி, அயலட்டையைக் கூட்டி, எல்லோரையும் முழங்காலில் நிறுத்திவிட்டாள். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே செபமாலை நெற்றியில் எண்ணெய் பூசுவித்துக்கொண்டார். வாயைத் திறந்தால் எல்லாம் போய்விடும் என்று வாயைத் திறக்கவே இல்லை. குனிந்த தலைகளுக்கு நடுவில் அஞ்சலா ஒருத்தி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். தகப்பனை நினைத்து அழுகிறாள் என்று எல்லோரும் அவளைத் தேற்றினார்கள்.

அஞ்சலாவுக்கு வலி கண்டது ஒரு மத்தியானம். மரியசீலனும் வலன்ரைனும் கடலில். முச்சக்கரவண்டியின் பின்ஆசனத்தில் அஞ்சலாவை நடுவில் வைத்து, தாய் ஒரு பக்கமும் தகப்பன் மறுபக்கமுமாக ஏறினார்கள். ஓட்டுகிற பொடியன் மகா மரியாதைக்காரன். மன்னார்ப் பட்டினத்துக்குள் நுழைகிற இடத்தில் நடுரோட்டில் கழுதைகள் நின்றன. அது ஒன்றும் புதிதில்லை. மன்னாரில் ரோட்டு கழுதைகளுடையது, மனிதர்கள் கேட்டுத்தான் போகவேண்டும். பொடியன் ஹோர்ன் அடித்தான். அது தும்மல் மாதிரி ஒரு சத்தம் போட்டது. தலையை வெளியே நீட்டி, "விலகுங்கோ, கொஞ்சம் விலகுங்கோ" என்று கழுதைகளைக் கேட்டுக்கொண்டான். ஒரு கழுதை திரும்பிப் பார்த்துவிட்டு மற்றக் கழுதையின் முதுகில் தாடையை வைத்துக்கொண்டது.

"அம்மா, ஏலாது அம்மா" என்று அஞ்சலா அலறினாள்.

பேரா மகளா என்று செபமாலை ஒரு கணமும் யோசிக்கவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். யோசித்தார். இவ்வளவு மாதம் வாயைக் கட்டியது, கரிந்த மீனைத் தின்றது, உயிரோடு இருக்கும்போதே எண்ணெய் பூசுவித்தது எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ரோட்டு நடுவில் நின்று, வாயைத் திறந்தார்.

அந்தக் கழுதைகள் லொறிக்கு அசையாதவை, பஸ்ஸுக்கு அசையாதவை, ஆமிக்காரரின் ட்ரக்குக்கும் அசையாதவை. செபமாலைக்கு அசைந்தன. அசைந்த வேகத்தில் கோட்டை வரைக்கும் ஓடின. வழி கிடைத்துவிட்டது, ஆனால் திறந்த வாயை மூட முடியவில்லை. மாதக்கணக்கில் அடைத்து வைத்தது முழுக்க வெளியே வந்தது. கழுதைக்கு ஏசினார், ஹோர்னுக்கு ஏசினார், கடலுக்குப் போன மருமகனுக்கும், கருகிய மீனுக்கும், ஆட்டுக்கும், எண்ணெய்க்கும் ஏசினார். ஆசுப்பத்திரி வாசல் வரைக்கும் மூச்சு விடாமல் ஏசினார். அருள்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாதாவே, மனுசன் பிழைச்சிட்டார்" என்றாள்.

ஆசுப்பத்திரி வாங்கிலில் இருந்தபோதுதான் செபமாலைக்கு உறைத்தது. எல்லாம் போய்விட்டது. கழுதைக்கு ஏசியது கணக்கில் வராது என்று வாதாடலாம். மருமகனுக்கு ஏசியதை என்ன செய்வது? அப்படி இருக்கும்போது தாதிப்பிள்ளை வந்து பொம்பிளைப்பிள்ளை என்றாள். பொம்பிளைப்பிள்ளையா? சரி, ஏசாமல் இருந்திருந்தாலும் கிடைத்திருக்காது. அந்த ஆறுதலோடு வீட்டுக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்குக் கறிக்கும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிள்ளை வீட்டுக்கு வந்தது. வாசலில் காலெடுத்து வைக்கமுன்னமே அதன் சத்தம் உள்ளே வந்துவிட்டது. ஆட்டுக்காரி தன் வீட்டில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, எழும்புங்கோ" என்றாள் அஞ்சலா. "உங்கட பேர்க்காரியைப் பிடியுங்கோ."

செபமாலை எழும்பி உட்கார்ந்தார். "என்ன சொல்லுறாய்? நான் ஏசிப்போட்டனே."

"ஏசினபடியாத்தான் இவள் ரோட்டில பிறக்கேல்ல. நான் அதைத்தான் அண்டைக்கு முழுக்க யோசிச்சனான். இவளுக்கும் அப்பிடி ஒரு தொண்டை வரட்டும். ஆம்பிளையளுக்கு அது என்னத்துக்கு? பொம்பிளைப்பிள்ளைக்குத்தான் தேவை."

"பொம்பிளைக்கு என்ர பேரோ?"

"மாதாவின்ர கையில இருக்கிற செபமாலை ஆம்பிளையின்ர சாமானோ?"

செபமாலை பதிலுக்குக் கத்தத்தான் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. பிள்ளையைக் கையில் வாங்கினார். அது அவருடைய முகத்தைப் பார்த்து ஒரு கத்துக் கத்தியது. அவருக்கு அவ்வளவு சந்தோசம்.

ஞானஸ்நானத்தில் வலன்ரைனின் மனைவிதான் ஞானத்தாய். பேரைக் கேட்கமுன்னம் சுவாமி முன்வாங்கிலைப் பார்த்து, "ஐயா, இந்தமுறை நீங்கள் பேசாமல் இருப்பீங்களோ?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார். "செபமாலை" என்று அவள் கோவில் அதிரச் சொன்னாள். அவள் ஏன் அவ்வளவு விருப்பத்தோடு சொன்னாள் என்பது இரண்டு நாளில் தெரியவந்தது.

"எடி செபமாலை, வாயை மூடு! ஊருக்குள்ள மனுசர் இருக்கிறதில்லையோ?" என்று தொட்டிலுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். "செபமாலை, எந்த நேரமும் உனக்குக் குறைதானோ?" பிள்ளை அழுததோ இல்லையோ, அவள் வந்து ஒருதரம் ஏசிவிட்டுப் போவாள். பிறகு ஆட்டுக்காரி வந்தாள். பிறகு ஏலத்தில் ஏச்சு வாங்கிய கரைவலைக்காரர்கள் பிள்ளை பார்க்க வந்தார்கள். நஸார் ரொட்டிப் பார்சலோடு வந்து, தொட்டிலுக்குள் குனிந்து, "செபமாலை, நீ சரியான முரடன்டி" என்று ஆசை தீரச் சொன்னார். எல்லோரும் பிள்ளையைக் கொஞ்சத்தான் வந்தார்கள். கொஞ்சிவிட்டு ஏசவும் செய்தார்கள். விறாந்தைக் கதிரையில் இருந்தவர் எதுவும் சொல்ல முடியாது. கேட்டு வாங்கிய பேர்.

அருள்நாயகி மட்டும் சொல்லவில்லை. அவளுக்குப் பிள்ளை 'குட்டி.' பேத்தியாக இருந்தாலும் பேர் அந்தப் பேர்தானே என்றாள். ஊரெல்லாம் அந்தப் பேரைக் கூப்பிட்டுச் சலித்த பிறகும், விறாந்தையில் இருக்கிறவரின் காது குசினிப் பக்கமே நின்றது. இதற்காகத்தான் இவ்வளவு நாளும் பேருக்கு ஆள் தேடினேனா என்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

ஒருநாள் காலையில் தேத்தண்ணிக் கடைக்குப் புறப்பட்டவர், கண்ணாடியை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பினார். பின்பக்கத்தால் வந்தார். அஞ்சலா உள்ளே நித்திரை. கிணற்றடியில் அருள்நாயகி காலை நீட்டி இருந்து, கால்மேல் பிள்ளையைப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கிடுகு வேலிக்கு வெளியே செபமாலை நின்றுவிட்டார்.

"செபமாலை" என்றாள் அருள்நாயகி.

சின்னச் சத்தம்தான். பழக்கமில்லாத சொல்லைச் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"காலை நீட்டு செபமாலை. அப்பிடித்தான். ஏன் கத்துறாய்? எண்ணெய் கண்ணுக்குள்ள போயிட்டுதோ? போயிட்டுது எண்டு சொல்லன், கத்தாதை. உன்ர கத்தலுக்குப் பயந்து பயந்தே என்ர தலை நரைச்சுப்போச்சு, தெரியுமோ செபமாலை?" பிள்ளையின் முதுகைத் திருப்பித் தேய்த்தாள். "என்ர அம்மான்ர செத்த வீட்டில பந்தல்காரனோட சண்டைக்குப் போனனி. நான் அழுறதை விட்டிட்டு உன்னை விலக்குப் பிடிச்சனான். உனக்கு முழங்கால் வீங்கினபோது மடுமாதாவுக்கு நேத்தி வைச்சனான். உனக்குச் சொன்னனானோ? சொன்னா அதுக்கும் ஏசுவாய். அண்டைக்கு நீ ஏசாமல் கரிஞ்ச மீனைத் தின்ன, நீ சாகப்போறாய் எண்டு நான் நினைச்சு, எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சுது செபமாலை. நீ கத்திக்கொண்டே இரு. சரியோ? நீ கத்திக்கொண்டே இரு."

பந்தல்காரன் விஷயத்தில் பிழை பந்தல்காரனுடையது. அதைச் சொல்லச் செபமாலைக்கு வாய் துடித்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். இந்தமுறை பேசாமல் இருக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

"செபமாலை" என்றாள் திரும்பவும். "என்ன வடிவான பேர்."

"ஓம்" என்றார் செபமாலை.

அவருக்குத் தெரியாமலே வந்துவிட்டது. அருள்நாயகியின் கை நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

"நீங்கள் போகேல்லையோ?"

"கண்ணாடியை விட்டிட்டுப் போனனான்."

இனி 'குட்டி' என்றுதான் சொல்லப்போகிறாள், 'இஞ்சேருங்கோ' என்றுதான் கூப்பிடப்போகிறாள் என்று செபமாலை நினைத்தார். அருள்நாயகி வாளிக்குள் இருந்து இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கிண்ணத்தில் மொண்டாள். பிள்ளையின் தலையைக் கையில் ஏந்திக்கொண்டாள்.

"செபமாலை, கண்ணை மூடு" என்றாள். "தலைக்கு வாக்கப்போறன்."

வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு செபமாலைகளும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.